தன்னார்வலராகச் சேர நினைக்கும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் தன்னார்வலர்களைச் சேர்த்து, வேலை பிரித்துக் கொடுத்து, நடுவில் காணாமல் போகிறவர்களைத் தேடிப் பிடிப்பது என் வேலை. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் போனிலும் மெசேஜிலும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அடித்துச் சலித்துப்போய் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. முதலில் வருபவை எளிமையானவை, சிக்கலானவை கீழே இருக்கின்றன.

"வாலண்டியர் பண்ணணும்னு ஆசை. ஆனா எங்க போய்த் தேடுறது? நெட்ல தேடினா பெரிய பெரிய பேருதான் வருது."

பெரிய பெயர்கள் வருவதில் தப்பில்லை, ஆனால் அங்கேதான் தொடங்க வேண்டும் என்றில்லை. நீங்கள் தினமும் கடந்து போகும் இடங்களை யோசித்துப் பாருங்கள்: நூலகம், மருத்துவமனை, முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகளுக்கான பள்ளி, விலங்குகள் காப்பகம். இவற்றில் பலவற்றுக்கு வெப்சைட்டே இருக்காது, இருந்தாலும் "தன்னார்வலர்கள் தேவை" என்று அதில் போட்டிருக்க மாட்டார்கள். ஆள் வேண்டாம் என்பதால் இல்லை, அதை எழுதிப் போடுவதற்கே அங்கே ஆள் இல்லை. நேரில் போய்க் கேளுங்கள், முடியாவிட்டால் போன் செய்யுங்கள். ஏற்கெனவே அங்கே போய்க்கொண்டிருக்கும் ஒருவரைத் தெரிந்தால் இன்னும் நல்லது. நான் பார்த்தவரை, நண்பர் கூட்டிக்கொண்டு வந்தவர்கள்தான் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள்.

பெரிய அமைப்புகள் பக்கம் போக வேண்டுமென்றால் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் செம்பிறைச் சங்கத்துக்கும் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் கிளைகள் இருக்கின்றன, பலவற்றில் இளைஞர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. சாரணர் இயக்கம் இருக்கிறது. இணையத்தில் ஐடியலிஸ்ட் என்ற தளம் 1995 முதல் நடக்கிறது, அதில் ஊர்வாரியாகத் தேடலாம். டிசம்பர் 5 சர்வதேசத் தன்னார்வலர் தினம். ஐநா பொதுச் சபை 1985-இல் அறிவித்தது. அந்த நாளை ஒட்டிப் பல அமைப்புகள் கூட்டம் நடத்தும், முன்பின் தெரியாத ஆளாகப் போய் நிற்பதற்கு அது வசதியான நேரம்.

"எனக்கு 15 வயசு. 18 ஆகாம யாரும் சேர்த்துக்க மாட்டாங்களாமே?"

பாதி உண்மை. ஐநா தன்னார்வலர் திட்டத்தில் சேர, வீட்டிலிருந்தபடியே செய்யும் ஆன்லைன் வேலைக்குக்கூட, 18 நிரம்பியிருக்க வேண்டும். பேரிடர் இடங்களுக்குப் போவது, நோயாளிகளோடு தனியாக இருப்பது, வண்டி ஓட்டுவது போன்ற வேலைகளுக்கும் 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களை விட மாட்டார்கள். காப்பீடு, சட்டப் பொறுப்பு என்று காரணங்கள் இருக்கின்றன, உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை.

ஆனால் நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பது, மரக்கன்று நடுவது, நன்கொடையாக வந்த துணிகளைப் பிரிப்பது இதற்கெல்லாம் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் இருந்தால் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். கேட்கும் முன்பே அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். அம்மாவோ அண்ணனோ கூட வருவார் என்றால் இன்னும் சுலபம், இரண்டு பேராகச் சேர்த்துக்கொள்வார்கள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதே, நான் போய் என்ன செய்ய முடியும்?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள்தான் பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறார்கள். தொண்டு நிறுவனங்களில் தேங்கிக் கிடக்கும் வேலையைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்: காகிதத்தில் இருக்கும் வருகைப் பதிவை எக்ஸெலில் ஏற்றுவது, நன்கொடை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லி போன் செய்வது, பல வருடப் புகைப்படங்களுக்குப் பெயரிட்டு அடுக்குவது, ஒரு அறிக்கையைத் தமிழில் மாற்றித் தருவது, நிகழ்ச்சிக்கு வருகிறவர்களுக்கு வழி காட்டுவது. இதில் எதற்கும் பட்டம் தேவையில்லை.

போவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில், நீங்கள் யோசிக்காமலே செய்யும் காரியங்களை எழுதிப் பாருங்கள். இரண்டு மொழி பேசுவது ஒரு திறமை. வயதானவர்களோடு அலுக்காமல் பேசுவதும், போனில் வீடியோ வெட்டி ஒட்டுவதும் அப்படித்தான். ஒன்று மட்டும் வேண்டாம்: போன முதல் வாரமே "உங்க வெப்சைட் நல்லா இல்ல, நான் புதுசா பண்ணித் தரேன்" என்று ஆரம்பிப்பது. அப்படி ஆரம்பித்துப் பாதியில் நிற்கும் வெப்சைட் இல்லாத நிறுவனம் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

"மூணு இடத்துக்கு மெயில் அனுப்பினேன், ஒருத்தர்கூடப் பதில் போடல. வேணாம்னு அர்த்தமா?"

பெரும்பாலும் இல்லை. சின்ன நிறுவனங்களில் மெயில் பார்ப்பவரும் கணக்கு எழுதுபவரும் களத்துக்கு ஓடுபவரும் ஒரே ஆள்தான். இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள்: ஒரு புதிய தன்னார்வலரைச் சேர்த்துக்கொண்டால் முதலில் அவருக்கு வேலை சொல்லித்தர யாராவது உட்கார வேண்டும், அவர் செய்ததைச் சரிபார்க்க வேண்டும். அவர் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டால் அந்த நேரம் வீண். அதனால்தான் "சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன், ஒரு வாய்ப்புத் தாருங்கள்" என்று மட்டும் எழுதிய மெயிலைப் பார்த்தால் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கத் தோன்றுகிறது. எழுதியவரின் மனசு நல்ல மனசுதான், ஆனால் அவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்கும் வேலை இப்போது எங்கள் தலையில்.

அந்த யோசனையை நீங்களே செய்து அனுப்புங்கள். இப்படி எழுதலாம்: "வணக்கம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் மாலை வகுப்புகளில் பாடம் எடுக்கும் என் சீனியர் மூலம் உங்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை என்னால் வர முடியும், தேர்வு மாதம் தவிர. ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்கு சொல்லித் தருவேன், எக்ஸெலில் பதிவு செய்யவும் தெரியும். வேறு வேலை இருந்தாலும் சொல்லுங்கள். இந்தச் சனிக்கிழமை ஒருமுறை வந்து பார்க்கலாமா?" அவ்வளவுதான். இதற்கு "சரி, வாங்க" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிடலாம் என்பதுதான் இந்த மெயிலின் பலம்.

ஒரு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்புறமும் பதில் இல்லையா, அலுவலக நாளில் காலை நேரமாகப் பார்த்து போன் செய்யுங்கள். போனிலும் பிடி கிடைக்கவில்லை என்றால் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

"வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?"

இரண்டு மணி நேரம் போதும், ஆனால் அந்த இரண்டு மணி நேரம் நிச்சயமாக இருக்க வேண்டும். வாரம் முழுக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்றாவது வாரம் போனை எடுக்காதவரைவிட, சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் வந்துவிட்டுப் போகிறவரை நம்பித்தான் ஒரு வகுப்பையே ஒப்படைக்க முடியும். உங்களால் முடியும் என்று தோன்றுவதில் பாதியைச் சொல்லுங்கள். தேர்வு வரும் மாதங்களைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள், அதில் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

"போன முதல் நாளே நாற்காலி அடுக்கச் சொன்னாங்க. இதுக்கா நான் வந்தேன்?"

கூட்டம் நடக்க வேண்டுமானால் நாற்காலியை யாராவது போட்டுத்தானே ஆக வேண்டும். நீங்கள் போடவில்லை என்றால் அந்த அமைப்பின் செயலாளர் போடுவார், பல இடங்களில் அவர்தான் போடுகிறார். முதல் சில வாரங்கள் இப்படித்தான் போகும். அந்த நேரத்தில் நாங்களும் உங்களைப் பார்க்கிறோம்: சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, தெரியாததைக் கேட்கிறாரா, அங்கே வரும் மக்களிடம் எப்படிப் பேசுகிறார்.

இரண்டு மாதம் கழித்தும் நாற்காலிதான் என்றால் வாயைத் திறந்து கேளுங்கள். "வகுப்பு எடுக்கிறவங்க கூட ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டால் மறுப்பது கஷ்டம். கேட்டும் மாறவில்லையென்றால் வேறு இடம் பாருங்கள். உங்களை வைத்து என்ன செய்வது என்று தெரியாத நிறுவனங்களும் உண்டு, அங்கே மனசு நொந்து உட்கார்ந்திருப்பதில் யாருக்கும் லாபமில்லை.

"சேர்றதுக்கு முன்னாடி பணம் கட்டச் சொல்றாங்க. இது சரியா?"

எதற்கு என்று கேளுங்கள், பதிலில் தெரிந்துவிடும். தங்கி வேலை செய்யும் முகாமுக்குச் சாப்பாட்டுச் செலவு வாங்குவது நியாயம். முதலுதவிப் பயிற்சிக்கோ, குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கான பின்னணிச் சரிபார்ப்புக்கோ சின்னத் தொகை வாங்குவதும் உண்டு. ஆனால் "பதிவுக் கட்டணம்" என்று ஒரு தொகை, அதைக் கட்டினால் சர்டிபிகேட் நிச்சயம், வேலை என்ன என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை என்றால் அங்கே நடப்பது சர்டிபிகேட் வியாபாரம். பணம் தனிநபரின் கணக்குக்குப் போகிறது, ரசீது கிடையாது, இன்றைக்குள் கட்டினால்தான் இடம் என்று அவசரப்படுத்துகிறார்கள், இதில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள்.

இன்னொரு வகையும் இருக்கிறது. சேர்ந்த மறுநாளே ஒரு லிங்க் கொடுத்து, சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் இவ்வளவு நன்கொடை வசூலித்தால்தான் இன்டர்ன்ஷிப் முடிந்ததாகக் கணக்கு என்பார்கள். நிதி திரட்டுவது கேவலமான வேலை இல்லை, அது இல்லாமல் எந்த நிறுவனமும் நடக்காது. ஆனால் அதுதான் வேலை என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பணம் எங்கே போகிறது என்று உங்களுக்கும் தெரிய வேண்டும். நிறுவனத்தின் பதிவு எண், அலுவலக முகவரி, பொறுப்பில் இருப்பவர்களின் பெயர்கள், போன வருட அறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள். முன்பு அங்கே வேலை செய்த ஒருவரிடம் பேச முடிந்தால் மற்றதெல்லாம்கூடத் தேவையில்லை.

"சர்டிபிகேட் தருவாங்களா? உண்மையைச் சொல்லணும்னா காலேஜுக்கு மணிக்கணக்கு காட்டத்தான் வரேன். அதைச் சொன்னா தப்பா நினைப்பாங்களா?"

நினைக்க மாட்டார்கள், முதல் நாளே சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் வேண்டும், எந்தத் தேதிக்குள், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது முன்பே தெரிந்தால் அதற்கேற்ற வேலையாகக் கொடுத்துவிடலாம். கடைசி நாள் மாலை ஓடி வந்து படிவத்தை நீட்டுவதுதான் எரிச்சல்.

எடின்பரோ கோமகன் பெயரில் 1956-இல் தொடங்கி இப்போது பல நாடுகளில் நடக்கும் விருதுத் திட்டம் 14 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கானது, அதில் சேவை ஒரு கட்டாயப் பகுதி. சுமாராக வாரம் ஒரு மணி நேரம் என்று மாதக்கணக்கில் தொடர்ந்து செய்ய வேண்டும், ஒரே வாரத்தில் மொத்தமாகக் கொட்டி முடிக்க முடியாது. இந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். உங்கள் கல்லூரி அப்படிக் கேட்காவிட்டாலும் தேதி, நேரம், செய்த வேலை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பிற்பாடு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போகும்போது, பார்டர் போட்ட சர்டிபிகேட்டைவிட "இவர் எட்டு மாதம் இந்த வகுப்பை நடத்தினார்" என்று உங்களைத் தெரிந்த ஒருவர் எழுதிய கடிதத்துக்குத்தான் மதிப்பு, அந்தக் கடிதத்தை எழுத அவருக்கு உங்கள் நோட்டு உதவும்.

"வெளிய போக முடியாது. வீட்ல இருந்தே ஏதாவது செய்யலாமா?"

தாராளமாக. இதில்தான் இப்போது நிறைய இருக்கிறது. ஜூனிவர்ஸ் என்ற தளத்தில் விஞ்ஞானிகள் தங்களிடம் குவிந்து கிடக்கும் படங்களைப் போட்டு வைக்கிறார்கள், காட்டில் வைத்த கேமராவில் பதிந்த விலங்கு எது, தொலைநோக்கியில் தெரிந்த விண்மீன் மண்டலம் என்ன வடிவம் என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். 2007-இல் கேலக்ஸி ஜூ என்று தொடங்கி 2009-இல் ஜூனிவர்ஸாக விரிந்தது. தொடங்கிய வருடத்திலேயே ஹனி வான் ஆர்க்கல் என்ற டச்சு ஆசிரியை அதில் ஒரு வினோதமான ஒளித்திட்டைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டார், வானியலாளர்களே அதுவரை பார்த்திராத பொருள் அது. இப்போது அவர் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் உங்கள் திரையில் வெறும் புல்தான் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

2010-இல் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகருக்குச் சரியான வரைபடம் இல்லை. உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்து கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாக, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மனிதாபிமானக் குழுவும், 2014-இல் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து தொடங்கிய மிஸ்ஸிங் மேப்ஸ் திட்டமும் வந்தன. ஒரு லேப்டாப், மவுஸ், கொஞ்சம் பொறுமை போதும். போன் மட்டும்தான் இருக்கிறதா? பி மை ஐஸ் செயலியில், பார்வையற்ற ஒருவர் வீடியோ கால் செய்து மருந்துப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார், நீங்கள் படித்துச் சொல்வீர்கள்.

தமிழ் தெரிந்ததையே மூலதனமாக வைத்துச் செய்யவும் இடம் இருக்கிறது. 2003 முதல் இருக்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத்துப்பிழை திருத்துவதில் தொடங்கலாம். கணினிக்குப் பேச்சைப் புரியவைக்கக் குரல் பதிவுகளைச் சேர்க்கும் மொசில்லாவின் காமன் வாய்ஸுக்குத் தமிழ் வாக்கியங்களை உங்கள் குரலில் படித்துக் கொடுக்கலாம். பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டம் 1998-லிருந்து தன்னார்வலர்களை வைத்தே நடக்கிறது. மெயிலில் ஆரம்பிக்கக் கூச்சமாக இருப்பவர்களுக்கு இவை நல்ல தொடக்கம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

"குழந்தைகள் இல்லத்துக்கு நாங்க ஃப்ரெண்ட்ஸ் போய் ரெண்டு நாள் விளையாடிட்டு வரலாம்னு இருக்கோம். நல்லதுதானே?"

இதற்கு என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை: வேண்டாம். இல்லங்களில் இருக்கும் குழந்தைகள் ஏற்கெனவே யாரையோ பிரிந்து வந்தவர்கள். வாரா வாரம் புதுப்புது அண்ணன் அக்காக்கள் வந்து கொஞ்சிவிட்டு, மறுபடி வருவோம் என்று சொல்லிவிட்டு, வராமல் போவது அவர்களுக்கு விளையாட்டில்லை. இல்லங்களில் வளரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று குழந்தை நல அமைப்புகள் பல வருடங்களாகச் சொல்லி வருகின்றன. பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் பணத்துக்காகவே குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கும் இல்லங்களும் சில நாடுகளில் இருக்கின்றன. 2019 டிசம்பரில் ஐநா பொதுச் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், அநாதை இல்லங்களில் நடக்கும் தன்னார்வத் திட்டங்களால் வரும் தீங்கையும் சேர்த்தே குறிப்பிட்டது.

யார் என்றே கேட்காமல் உள்ளே விடும் இல்லத்தில், உங்களுக்கு முன்னால் யாரை விட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். அடையாள அட்டை, பின்னணிச் சரிபார்ப்பு, தனியாகக் குழந்தையோடு இருக்கக் கூடாது என்ற விதி எல்லாம் இருக்கும் இடம்தான் சரியான இடம், அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளுக்காகவே ஏதாவது செய்ய வேண்டும் என்றால் குறைந்தது ஒரு கல்வியாண்டு முழுக்கப் பாடம் சொல்லித் தரும் பொறுப்பை எடுங்கள், அல்லது குழந்தைகளைப் பார்க்காமலே செய்யும் அலுவலக வேலையைக் கேளுங்கள்.

"அங்க எடுத்த போட்டோவை இன்ஸ்டாகிராம்ல போடலாமா?"

நிறுவனத்திடம் கேட்காமல் கூடாது, குழந்தைகள், நோயாளிகள் முகம் தெரிந்தால் அவர்கள் சம்மதமும், குழந்தை என்றால் பொறுப்பாளர் சம்மதமும் வேண்டும். சோற்றுப் பொட்டலம் வாங்கும் நேரத்தில் உங்களை யாராவது படம் எடுத்துப் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நீங்கள் நட்ட மரக்கன்றைப் போடுங்கள், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"வெளிநாட்டுக்குப் போய் வாலண்டியர் பண்ணலாம்னு விளம்பரம் வருதே, நம்பலாமா?"

பணம் பற்றிய பதிலையும் குழந்தைகள் இல்லம் பற்றிய பதிலையும் சேர்த்து வைத்து அந்த விளம்பரத்தைப் படியுங்கள். பெரிய தொகை கட்டி, இரண்டு வாரம், மாலையில் ஊர் சுற்றல், கூடவே குழந்தைகளோடு போட்டோ என்று இருந்தால் அது சுற்றுலா நிறுவனம். சுற்றுலா போங்கள், தப்பில்லை, சேவை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

உண்மையான திட்டங்களில் பணம் எதிர்த்திசையில் வரும். 1970-இல் தொடங்கி ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐநா தன்னார்வலர் திட்டம் களத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு மாதச் செலவுக்குப் பணம் கொடுக்கிறது, அதில் இளைஞர் பிரிவுக்கு வயது 18 முதல் 26. ஐரோப்பிய ஒற்றுமைப் படை எனப்படும் திட்டம் 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்குப் பயணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, கைச்செலவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. யார் விண்ணப்பிக்கலாம் என்பது நாட்டைப் பொறுத்தது. போட்டி இருக்கும். நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு வருடம் ஒழுங்காக வேலை செய்த அனுபவம் இல்லாமல் அங்கே விண்ணப்பித்தால் என்ன எழுதுவீர்கள்?

"வீட்ல விட மாட்டேங்கறாங்க. படிப்பு கெடும், யார் என்னன்னு தெரியாத இடம்னு சொல்றாங்க."

அவர்கள் சொல்வதில் இரண்டாவதை அலட்சியப்படுத்தாதீர்கள். போகும் இடத்தின் முகவரி, பொறுப்பாளரின் பெயர், போன் நம்பர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். அப்பா அம்மாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிடுங்கள். பெற்றோர் வந்து கேள்வி கேட்டால் சங்கடப்படும் நிறுவனத்துக்கு நீங்களும் போக வேண்டாம். எங்களிடம் அப்படிப் பார்க்க வந்த ஒரு அம்மா, மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

படிப்பு கெடும் என்பதற்கு வாரம் இரண்டு மணி நேரம் என்பதுதான் பதில். அதுவும் முடியாது என்றால் வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளில் ஒன்றை எடுங்கள்.

"சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையை எங்ககிட்ட ஓசில வாங்கறாங்களோன்னு சந்தேகமா இருக்கு."

சந்தேகம் வருவது ஆரோக்கியம்தான். உலகத் தொழிலாளர் அமைப்பின் புள்ளியியல் மாநாடு 2013-இல் தன்னார்வ வேலைக்கு ஒரு வரையறை வைத்தது: கட்டாயம் இல்லாமல், சம்பளம் இல்லாமல், பிறருக்காகச் செய்யும் வேலை. இதில் "கட்டாயம் இல்லாமல்" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் ஒன்பது மணி முதல் ஆறு மணி வரை வர வேண்டும், லீவுக்கு அனுமதி, இலக்கு, வராவிட்டால் சர்டிபிகேட் கிடையாது என்றெல்லாம் இருந்தால் அது சம்பளம் இல்லாத உத்தியோகம். அதிலும் மற்றவர்கள் சம்பளத்துக்குச் செய்யும் அதே வேலை என்றால் கேட்க வேண்டிய கேள்வி இது: "நான் நாளைக்கு வரலைன்னா யார் செய்வாங்க?"

மறுபக்கமும் இருக்கிறது. நிறைய சின்ன நிறுவனங்களில் நிர்வாகிகளே சம்பளம் வாங்குவதில்லை, அங்கே உங்கள் உழைப்பை யாரும் சுரண்டவில்லை, எல்லோருமே ஒரே படகில் இருக்கிறார்கள். போக்குவரத்துச் செலவையாவது கொடுப்பார்களா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். கைக்காசு போட்டு வர முடிந்தவர்கள் மட்டும் வரும் இடமாக ஒரு தொண்டு நிறுவனம் இருக்கக் கூடாது என்பது என் கட்சி, எங்கள் நிறுவனத்திலேயே இதற்காக நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"எனக்கு அங்க பிடிக்கல. எப்படி விலகுறது?"

ஏன் பிடிக்கவில்லை என்பதைப் பொறுத்தது. நேரம் இல்லை, சலித்துவிட்டது, வேலை கிடைத்துவிட்டது என்றால் இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள், கையில் இருக்கும் பாஸ்வேர்டு, சாவி, பாதி முடித்த ஃபைல் எல்லாவற்றையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நள்ளிரவில் வெளியேறுவது விலகல் கணக்கில் வராது. முறையாகச் சொல்லிவிட்டுப் போனவர் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தாலும் கதவு திறந்தே இருக்கும்.

ஆனால் யாராவது தப்பாகப் பேசினார், தொட்டார், இரவில் தனியாக வரச் சொன்னார், பணக் கணக்கில் உங்கள் கையெழுத்தைப் போடச் சொன்னார் என்றால் எந்த முன்னறிவிப்பும் தேவையில்லை, அந்த நிமிடமே வந்துவிடுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மெசேஜ்களை அழிக்காதீர்கள். "நல்ல காரியம் பண்ற நிறுவனம், பேர் கெட்டுடும்" என்று உங்களை அமைதிப்படுத்த ஆள் வருவார்கள், அதைக் கேட்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

"எங்க பக்கத்துல எந்த அமைப்புமே இல்ல. நாங்க நாலு பேர் சேர்ந்து நாங்களே ஒண்ணு ஆரம்பிச்சிடலாமா?"

வேலையை ஆரம்பியுங்கள், அமைப்பை ஆரம்பிக்காதீர்கள். பெயர், லோகோ, தலைவர், துணைத் தலைவர் என்று உட்கார்ந்தால் மூன்று மாதம் அதிலேயே ஓடிவிடும், யார் தலைவர் என்பதில் நட்பும் போய்விடும். பக்கத்துப் பள்ளி தலைமையாசிரியரிடமோ நூலகரிடமோ போய் "வாரம் ஒரு மாலை பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தரோம், ஒரு அறை கிடைக்குமா?" என்று கேளுங்கள். அவர்கள் கூரைக்குக் கீழே நடந்தால் பாதுகாப்பு, அனுமதி பற்றிய பாதிக் கவலை தீர்ந்தது. மேலே கொடுத்த மாதிரி மெயில் இதற்கும் பொருந்தும்.

பதிவு செய்வது, அறக்கட்டளை தொடங்குவது இதெல்லாம் பணம் கைமாறத் தொடங்கும்போது யோசிக்கலாம். அதுவரை பணமாக வாங்காமல் பொருளாக வாங்குங்கள், நோட்டுப் புத்தகம் தருகிறேன் என்பவரிடம் நோட்டுப் புத்தகமே வாங்குங்கள். தவிர்க்க முடியாமல் பணம் வாங்கினால் ஒருவரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. பள்ளியோ நூலகமோ ரசீது போட்டு வாங்கிக்கொள்ளட்டும், வந்ததும் செலவானதும் ஒரு நோட்டில் எழுதி, கேட்கிற யாரும் பார்க்கும்படி அந்த அறையிலேயே வைத்துவிடுங்கள்.